குதுரேமுக் வழியில் ஒரு கூச்சல்

"ஐயோ! நிறுத்துங்க! நான் செத்தேன்!"

லாவண்யா போட்ட கூச்சலில், பின் சீட்டிலிருந்த தனலக்ஷ்மி சிப்ஸ் பாக்கெட்டை மடியில் கொட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, ஒவ்வொரு வளைவுக்குமா கத்துவே? தம்பிதான் ஜம்முனு ஓட்டறானே!"

தனலக்ஷ்மி, வண்டி ஓட்டிய ரகுராமின் அக்கா; லாவண்யா அவன் மனைவி. தம்பி புது சான்ட்ரோ கார் எடுத்ததிலிருந்து பொம்மனஹள்ளியில் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. 'குதுரேமுக் காட்டுக்கு எங்களைத் தம்பியே ஓட்டிக்கிட்டுப் போறான்' என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

ரகுராம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அதல பாதாளம்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி. பிரேக் போட்டான். வண்டி ஆஃப் ஆகி, மெல்லப் பின்னால் உருண்டு, ஒருவழியாக நின்றது.

"ஹோகு மாராயா!" என்று கன்னடத்தில் 'போய்யா' என்பதுபோல் கத்திவிட்டு லாரிக்காரர் போய்விட்டார்.

லாவண்யா கதவைத் திறந்து இறங்கியே விட்டாள்.

"இனிமே இவர் ஓட்டினா நான் வரமாட்டேன். நடந்தே வரேன். சேஷகிரி அண்ணா, நீங்க ஓட்டுங்க."

"ஏத்தத்துல வண்டி ஆஃப் ஆகறது சகஜம்மா" என்றார் தனலக்ஷ்மியின் கணவர் சேஷகிரி. இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர்.

"நீங்க ஓட்டறீங்களா, நான் நடக்கட்டுமா?"

தனலக்ஷ்மிக்கு வந்ததே கோபம்!

"கட்டின புருஷன் மேல இவ்வளவுதான் நம்பிக்கையா? பெத்தவங்க இப்படியா வளர்த்தாங்க?"

லாவண்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் வண்டியில் ஏறவில்லை.

"மானத்தை வாங்கறா மாமா. ஓட்டித் தொலைங்க" என்று சாவியை நீட்டினான் ரகுராம்.

அப்புறம் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பச்சைப் புல் போர்த்திய மலைகள், நடுநடுவே இருண்ட சோலைகள், ரோட்டுக்குக் குறுக்கே மேகம். ஜன்னலில் தலையை நீட்டி ரசித்தபடி வந்தாள் லாவண்யா. ஒரு வளைவிலும் சத்தம் இல்லை.

"இப்ப மட்டும் எங்க போச்சு பயம்?" என்று முணுமுணுத்தாள் தனலக்ஷ்மி.

வியூ பாயின்ட் வந்ததும் அக்காவும் மாமாவும் முன்னால் நடந்தார்கள். ரகுராம் பானெட்டில் சாய்ந்து பெருமூச்சு விட்டான்.

"பின்னாடி உருண்டப்போ பிரேக் எது, கிளட்ச் எதுன்னே தெரியலடி. கதை முடிஞ்சுதுன்னே நினைச்சேன்."

"தெரியும். முதல் வளைவுலயே உங்க முகம் வெளுத்துப்போச்சு."

"அப்ப என் காதுல மெதுவா சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு திட்டு வாங்கினே?"

"அக்கா முன்னாடி 'எனக்குப் பயமா இருக்கு'ன்னு உங்க வாயில வருமா? அதான் அந்தப் பயம் எனக்கு வந்துச்சு."

ரகுராமுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அதற்குள் தூரத்திலிருந்து தனலக்ஷ்மியின் குரல்.

"டேய், அந்தப் பயந்தாங்கொள்ளியை அங்கேயே உட்கார வை! இங்க பெரிய பள்ளம்!"

"அக்கா, அவ ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவனின் கையைப் பிடித்து அழுத்தினாள் லாவண்யா.

"சும்மா இருங்க. இறங்கும்போதும் அண்ணாதானே ஓட்டணும்?"