மூன்றாவது கோப்பை

“கோப்பையை வாங்கு லேகி. எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே இருக்கிறது, கை வலிக்குது,” என்றார் கோம்பு மாமா. ஊருக்கெல்லாம் கல்யாணம் பேசி முடிப்பவர்.

லேகி வாங்கவில்லை. பேச வந்தவர் ஊற்றும் ஆரா சாராயத்தை வீட்டார் குடித்துவிட்டால் சம்மதம். மூன்று முறை வந்தும் தொடாவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. அருணாசல மலையூரான திராங்கில் இது தெரியாத குழந்தை கிடையாது. இது மூன்றாவது முறை. சம்மதமானால் உடனே கழுத்தில் போட வெள்ளைப் பட்டுத் துண்டுகூட மாமாவின் மடியில் தயாராக இருந்தது.

அப்பா அடுப்போரம் மூங்கில் குழாயில் வெண்ணெய்த் தேநீர் கடைந்துகொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை, கல்லுளிமங்கன்.

“அம்மா போனப்புறம் இந்த வீட்ல இருக்கிறதே ரெண்டு பேர் மாமா. ஒருத்தர் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிட்டா, இன்னொருத்தர் அடுப்போடதான் பேசணும்.”

“யாரும் எங்கயும் போக வேணாம். அவங்களே இங்க வந்துடுறாங்களாம். பதினோரு யாக் எருமையோட.”

“பதினொண்ணா? எங்க மக்காச்சோளம் என்ன ஆகும்?”

“மேல மேய்ச்சலுக்கு ஓட்டிக்கலாம். வேற சாக்கு இருந்தா சொல்லு.”

இருந்தது.

“அவங்க சேலா கணவாய்க்கு அந்தப் பக்கம். தவாங் பேச்சு. நாமளும் மோன்பா இனம், அவங்களும் மோன்பா. ஆனா பேசினா ஒரு வார்த்தை புரியாது. வீட்டுக்குள்ள ஒரு சண்டைன்னாக்கூட இந்தியிலதான் போடணும்.”

“எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான். அவ சொல்றது எனக்கு இன்னைக்கும் புரியல.”

லேகி சிரிக்கவில்லை. மாமா பெருமூச்சு விட்டு, ஆராவைக் குடுவையில் திரும்ப ஊற்றிவிட்டு எழுந்தார்.

அப்போது அப்பா ஏதோ சொன்னார். லேகிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

“என்னப்பா சொன்னீங்க?”

“உக்காந்து தேநீர் குடிச்சிட்டுப் போங்கன்னேன்.”

“தவாங் பேச்சிலயா? எப்பக் கத்துக்கிட்டீங்க?”

“சந்தைக்குப் போறப்ப. கொஞ்சம் கொஞ்சமா.” அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. “வர்றவங்க நம்ம வீட்லயும் இந்தியில பேச வேணாமேன்னுதான்.”

லேகி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டா இந்த மனிதர் மூன்று தடவையும் தேநீரையே கடைந்துகொண்டிருந்தார்?

மாமாவின் கையிலிருந்து குடுவையைப் பிடுங்கினாள். கோப்பை நிறைய ஊற்றி ஒரே மடக்கில் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சாராயத்தின் காரம்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

பிறகு அந்த வெள்ளைத் துண்டை எடுத்து அப்பாவின் கழுத்தில் போட்டாள்.

“நிமிர்ந்து உக்காருங்க மாப்பிள்ளை,” என்றாள். “மாமா, சித்தியை நாளைக்கே கிளம்பி வரச் சொல்லுங்க.”