தடுமாற்றப் பூட்டு

ரோஸ்லின் முதுகலைப் பட்டத்துக்காக வடிவமைத்த பூட்டுக்குச் சாவியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. திரையில் ஒரு பெட்டியும் கோணல்மாணலான துண்டுகளும் வரும். அவற்றை அடுக்கும்போது எங்கே தடுமாறுகிறோம், எப்படித் திருத்திக்கொள்கிறோம் என்று பார்த்தே அது ஆளை அறியும். ஒருவர் தடுமாறுவதுபோல் இன்னொருவர் தடுமாற முடியாது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

வாய்மொழித் தேர்வைப் பார்க்க வந்திருந்த முப்பது பேரும் முயன்று பார்த்தார்கள். ரோஸ்லினின் தடுமாற்றத்துக்கு மட்டும் திறக்கும்படி வைத்திருந்த பூட்டு அசையவில்லை.

"நீங்களும் ஒரு தடவை பாருங்கம்மா" என்றார் தேர்வாளர், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரோஸ்லினின் அம்மா அந்தோணியம்மாளிடம்.

"எனக்கு பார்சல் கிடங்குல பெட்டி அடுக்கத்தான் சார் தெரியும்."

அம்மா ஒரு துண்டை வைத்தாள், நாக்கைக் கடித்தாள், எடுத்துத் திருப்பி வைத்தாள். பூட்டு திறந்துகொண்டது.

ரோஸ்லின் பதறி எழுந்தாள்.

தேர்வாளர் சிரித்தார். "பயப்படாதம்மா. ரத்த சொந்தம்ல, அப்படித்தான் இருக்கும். மரபணு ஒத்துப்போறவங்கள மட்டும் விலக்கிடு, பட்டம் உனக்குத்தான்."

தலையாட்டினால் போதும். ஆனால் திறந்து கிடந்த பூட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"விலக்க முடியாது சார்" என்றாள். "இவங்க என்னைத் தத்தெடுத்தப்ப எனக்கு ஆறு வயசு."