மழை இருட்டில் காய்ந்த நெல்

சர்... சர்... சர்...

ரோட்டு முடக்குப் பக்கமிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் றிஷாட் ஹெல்மெட்டைக் கழற்றி பைக் டாங்கியில் வைத்தான்.

"மக்டலின் அன்ரி வந்திட்டாடா!"

தார் ரோட்டில் நெல்லைப் பரப்பும் பலகையின் சத்தம் அது.

"ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாம நெல்லுக் காயப்போடுறாவே, இவவெல்லாம் என்ன வேதக்காரி?" என்றான் கூட வந்த ஜொய்சன்.

"நீ மட்டும் இப்ப கோயில்லயா நிக்கிறாய்?"



மண்முனைப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ஒரு கரையில் வாவி, மறு கரையில் வட்டை வட்டையாக வயல், நடுவில் நூல் பிடித்த மாதிரி நேர் ரோடு. காத்தான்குடியிலிருந்து றிஷாட் வாரம் தவறாமல் வருவதே அந்த ரோட்டில் பைக்கை முறுக்கத்தான். ஆனால் ரோடு வளைந்து முடங்கும் இடத்தில் மக்டலின் வீடு. ஞாயிறு விடிந்தால் ரோட்டுக்குக் குறுக்கே நெல். தூரத்திலேயே தெரியட்டும் என்று ஒரு சிவப்புச் சீலைத் துண்டு வேறு கட்டித் தொங்கும். மற்ற நாளில் ஒரு மணி நெல்லைக் காண ஏலாது.

இரண்டு பேரும் பைக்கை உருட்டிக்கொண்டு முடக்குக்குப் போனார்கள்.

"அன்ரி, ரோடு உங்கட பேர்லயா எழுதியிரிக்கு?"

"உங்கட பேர்லயும் இல்லயே மனே." பலகை நிற்கவில்லை.

"வானத்தப் பாருங்க. இந்த மழை இருட்டுக்க எந்த நெல்லு காயும்?"

"என்ட நெல்லு காயும்."

றிஷாட்டுக்குக் கொதித்தது. மதகுக் கட்டில் போய்க் குந்தினான். "இவட கரைச்சலுக்கு ஒரே வழி ரேஸ் ட்ராக்தான் மச்சான். தேடு."

தேடாத நாளில்லை. கிட்ட உள்ள ட்ராக் எது என்று கேட்டால் போன் சென்னையைக் காட்டும். இடையில் ஒரு கடல் கிடப்பது அதற்குத் தெரியாது. இங்கே உள்ளதென்றால் காருக்கு, இல்லாவிட்டால் கிளப்காரருக்கு.

திடீரென்று ஜொய்சன் மதகிலிருந்து குதித்தான்.

"மச்சான்! குருநாகல் பக்கம் ஒரு ட்ராக்! வாற சனிக்கிழமை! சொந்த பைக்கோட ஆரும் வரலாமாம்! ரெண்டே ரெண்டு இடம் மிச்சம்!"

றிஷாட் போனைப் பறித்தான். வாசித்தான். நம்பாமல் இன்னொரு தரம் வாசித்தான். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் இருக்கிறது. லைட்டுக்கு டேப் ஒட்ட வேண்டுமாம். அதுக்கென்ன, இப்பவே ஒட்டலாம்! அங்கே மாடு வராது, நாய் வராது, பஸ் வராது. பொழுது சாயும்வரை முறுக்கலாம்!

"ராத்திரி வெளிக்கிட்டா விடியப் போய்ச் சேரலாம்டா!"

"பைக்கிலயா? அங்க விழுந்து ஹாண்டில் வளைஞ்சா எதில திரும்பி வாற? ஏத்திக்கொண்டு போக ஒரு பட்டா வேணும்."

பட்டா லொறிக்கு எங்கே போக? அறுவடைக் காலம். இருக்கிற பட்டாவெல்லாம் வயலில். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்துப் பார்த்தார்கள். எல்லாரும் கையை விரித்தார்கள். பின்னேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும்.

இருவரும் ஒரே நேரத்தில் முடக்கைப் பார்த்தார்கள். மக்டலினின் வளவுக்குள் ஒரு நீலப் பட்டா நின்றது. நெல் ஆலையில் வேலை செய்யும் அவள் புருசன் வின்சன்ற்றுடையது.

"நீ கேள்."

"நான் ஏன்? உன்ட வேதக்காரிதானே."

"சண்டை பிடிச்சவன் நீ!"

கடைசியில் றிஷாட்தான் போனான்.

"அன்ரி..."

"என்ன, குரல் தேனா ஒழுகுது?"

மென்று விழுங்கி விசயத்தைச் சொன்னான். மக்டலினின் பலகை நின்றது.

"அங்க எதிரால ஒண்டும் வராதா?"

"வராது அன்ரி. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் ஓடுற."

"விழுந்தா?"

"அம்புலன்ஸ் நிக்கும். டொக்டரும் நிப்பார்."

"அம்புலன்ஸ் நிக்குமா?" அவள் மறுபடியும் கேட்டாள். பிறகு சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "அப்ப கொண்டு போங்க. இவரிட்ட நான் சொல்றன். டீசல் மட்டும் நீங்க அடிங்க."

றிஷாட்டுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஜொய்சன் காதுக்குள் கிசுகிசுத்தான். "நம்மளத் துரத்த வழி கிடைச்ச சந்தோசம் அவவுக்கு."

"பட்டாவுக்க ரெண்டு மூட்டை கிடக்கு. அதை இறக்கித் தா மனே" என்றாள் மக்டலின்.

நெல் மூட்டை என்றால் சும்மாவா? றிஷாட் காலை அகட்டி நின்று, மூச்சைப் பிடித்து, உள்ள பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினான்.

மூட்டை தலையணை மாதிரி மேலே பறந்தது. றிஷாட் மல்லாக்க விழுந்தான்.

ஜொய்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். றிஷாட் எழும்பி, மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி ஊதினான். எல்லாம் பறந்தது. உள்ளங்கையில் ஒரு மணிகூட மிஞ்சவில்லை.

"அன்ரி... இது பதரல்லோ!"

"ஸ்ஸ்! மெல்லக் கதை."

முடக்குக்கு அங்கால், நேர் ரோட்டில் வருபவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சின்னப் பிள்ளைகள் ரோட்டை நிறைத்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சண்டே ஸ்கூலுக்கு.

"அதுகள் போய் முடியுமட்டும் அது நெல்லுதான்" என்றாள் மக்டலின்.

ரோட்டின் மறு முனையில் புதிதாக நாலைந்து பைக்குகள் உறுமின. யாரோ வேறு பொடியன்கள்.

றிஷாட் மூட்டையைத் தோளில் போட்டான். பாரம் தாங்க முடியாதவன் போல முதுகை வளைத்து, தள்ளாடித் தள்ளாடி ரோட்டை நோக்கி நடந்தான்.

மக்டலின் பலகையைக் கையில் எடுத்தாள்.

சர்... சர்...