கருமி அக்காவின் சீட்டு

ஏழரை என்றார் மயக்க மருந்து டாக்டர்.

நோயாளியின் இரத்த அளவைத்தான் சொன்னார். எனக்கென்னவோ ஏழரையே வந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஏழுக்குக் கீழே இறங்கினால் பையைத் திறந்து ஏற்றியே ஆகவேண்டும். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் அதுதான் சட்டம். அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

மேஜையில் நெஞ்சு திறந்து கிடக்கிறது. இதயத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகிறது. அதன் வேலையை என் மெஷின் பார்க்கிறது. பத்தொன்பது வருஷமாக அந்த மெஷினை ஓட்டுவது நான்.

மூலையில் இரத்தப் பெட்டி. உள்ளே மூன்று பைகள். லேசில் கிடைக்காத வகை. கட்டடம் முழுக்கத் தேடினாலும் அந்த மூன்றுதான்.

இரண்டாவது மாடியில் அதே வகைக்காரி ஒருத்தி, நிறைமாசம். விட்டு விட்டு இரத்தப்போக்கு, காலையில் வலியும் கண்டுவிட்டது. நாங்கள் இங்கே திறந்தால் அவளுக்கு அங்கே இல்லை.

பெரிய டாக்டர் தலையைத் தூக்காமலே என்னிடம் கேட்டார், பையைத் திறந்துவிடலாமா என்று.

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

சொல்லிவிட்டேன்.  

அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது கீழே இரத்த வங்கியைக் கட்டி ஆளும் கருமி அக்கா. எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார் என்று டாக்டர்கள் புலம்புவார்கள். ஆறு பை வேண்டும் என்று சீட்டு அனுப்பினால், எதுக்கு, குளிக்கவா என்று கேட்டு மூன்றுதான் கொடுப்பார்.

ஒரு நாள் இரத்தம் எங்கேதான் போகிறது பார்க்கிறேன் என்று மாடியேறி வந்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம்வரை என் பக்கத்திலேயே நின்றார். கடைசியில் குழாயில் மிச்சமிருந்த இரத்தத்தை நான் குப்பையில் கொட்டினேன். அவ்வளவுதான். அடப்பாவி, அது யார் வீட்டு இரத்தம் என்று ஆரம்பித்தவர் ஆறு மாசம் ஓயவில்லை.

கறந்த பால் மடி ஏறாது என்பார்கள். எங்களிடம் ஏறும். மெஷின் குழாயின் நீளத்தை ஒரு முழம் குறைத்தேன், இரத்தத்தோடு கலக்கும் தண்ணீர் குறைந்தது. நெஞ்சுக்குள் தேங்குவதை உறிஞ்சி, கழுவி, அவரவருக்கே திருப்பிக் கொடுக்கிறோம். குழாயில் மிச்சமிருப்பதும் உடம்புக்கே போகிறது. பெரிய டாக்டர்கூட நெஞ்சை மூடும் முன் இருபது நிமிஷம் எங்கே கசிகிறது என்று துழாவுகிறார். போன வருஷம் பத்துப் பேரில் ஏழு பேர் அடுத்தவர் இரத்தம் ஒரு சொட்டு வாங்காமல் வீட்டுக்கு நடந்து போனார்கள்.

நேற்றும் இந்தப் பைகளில் சீட்டு ஒட்டிக்கொண்டே அக்கா வழக்கமான பாட்டைப் பாடினார்.

"தேவைன்னா யோசிக்காம திற தம்பி. சோம்பேறித்தனத்துக்குத் திறந்தே, தொலைச்சிருவேன்."

தேவையா, சோம்பேறித்தனமா? மெஷினில் சேர்ந்திருந்த உபரித் தண்ணீரை வடிகட்ட ஆரம்பித்தேன். தண்ணீர் போனால் இரத்தம் கெட்டியாகும், அளவு ஏறும். ஏறாவிட்டால் நானே ஓடிப்போய்ப் பையைத் திறப்பேன். மூன்று நிமிஷம். ஆறு நிமிஷம். மயக்க மருந்து டாக்டர் மறுபடி சோதித்தார்.

எட்டு என்றார்.

மூச்சு விட்டேன். இதயம் மறுபடி துடித்தது. பெரிய டாக்டர் இருபது நிமிஷத்துக்குப் பதில் நாற்பது நிமிஷம் துழாவினார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குழாயில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் மெஷினை நிறுத்தினேன். 

பெட்டியை நானே கீழே கொண்டுபோனேன். அது என் வேலையே இல்லை. பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பிரிக்காத மூடியைக் காட்டிக்கொண்டே இறங்கினேன்.

கீழே வேலையில் இருந்த பெண் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தாள். சரியாக இருக்கவே பைகளை எடுத்துக்கொண்டாள். கையோடு இரண்டு பைகள் இரண்டாவது மாடிக்குப் போயின. ஆனால் பைகளைத் திரும்பப் பெற்றதற்கான சீட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டாள். திரும்பி வரும் பைக்கு அக்காதான் கையெழுத்துப் போடுவார், நான் போட்டால் என்னை உயிரோடு விடமாட்டார் என்றாள். நியாயம்தான்.

சாயங்காலம் சீட்டை எடுத்துக்கொண்டு நாலாவது மாடி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏறினேன். அக்கா கண்ணாடி இல்லாமல் இருந்தார். அப்படிப் பார்த்ததே இல்லை, யாரோ மாதிரி தெரிந்தார். கையில் ஊசி, தொண்டைக் குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். என்னை உற்றுப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

குரல் காற்றாக வந்தது.

"பெட்டி எத்தனை டிகிரில வந்துச்சு?"

ஆறு என்றேன். மூன்றையும் திறக்கவில்லை என்றேன். இரண்டாவது மாடியில் பெண் குழந்தை, தாய்க்கு இரண்டு பை ஏற்றியாகிவிட்டது, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். 

அக்கா சிரிக்கவில்லை. பேனாவுக்குக் கையை நீட்டினார். சீட்டுக்கு அடியில் ஓர் அட்டையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

அந்தச் சீட்டின் நகலை மெஷினில் ஒட்டி வைத்திருக்கிறேன். நோயாளியின் பெயர் என்ற இடத்திலும், பைகளைத் திரும்பப் பெற்றவர் என்ற இடத்திலும் ஒரே பெயர்.