செண்பகத்தின் கை

கண்புரை ஆபரேஷன் செய்வதும் ஆம்பூர் பிரியாணி சாப்பிடுவதும் ஒன்று; இரண்டுக்கும் கால் மணி நேரம் போதும், இரண்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை. இது டாக்டர் இன்பராஜின் நாற்பது வருடக் கண்டுபிடிப்பு.

பயத்தில் நர்ஸ் செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும் நோயாளிகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"நாள் பூரா ஷூ கம்பெனியில ஊசியோட இருக்கிற அம்மா, இங்க ஒரு ஊசிக்கு நடுங்குறியே? ஆபரேஷன் கண்ணுக்கு. கைக்கு இன்னா வேலை?" என்று அதட்டுவார்.

ரிட்டையரானதும் தன் பங்களாவையே கண் பிரிவுக்கென்று, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று அங்கே முதல் ஆபரேஷன். வாசலில் வாழை மரம், எல்லோருக்கும் லட்டு. முதல் ஆளாகத் தியேட்டருக்குள் நுழைந்தவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

"இதுதான் சிஸ்டர் எங்க சாப்பாட்டு ஹால். இந்த டேபிள் இருக்கிற இடத்துலதான் பிரியாணி அண்டா இருக்கும்."

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றாள் இளம் டாக்டர் சௌந்தர்யா.

"ஆரம்பிம்மா. இதெல்லாம் ஒரு ஆபரேஷனா?"

செண்பகம் பச்சைத் துணியை டாக்டர் இன்பராஜின் முகத்தில் போர்த்தி, புரை விழுந்த அவருடைய வலது கண் மட்டும் தெரியும்படி சரிசெய்தாள்.

பேச்சு நின்றது. துணிக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்து, செண்பகத்தின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.