இப்போது பார்ப்பவர்கள்

அப்பாவின் போனில் எண் பதினொன்றுக்கு ஏறியது. அவன் தலை குனிந்துகொண்டான்.

“பாத்தியாடா. இப்பதான் ஒம்பது பேரு இருந்தாங்க. அதுக்குள்ள ரெண்டு பேரு கூடிட்டாங்க.”

வரன் பார்க்கும் இணையதளத்தில் தங்கை செல்வக்கனியின் பக்கம் அது. அவள் படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில், ‘இப்போது பார்ப்பவர்கள்’. திறந்து வைத்திருந்தால் போதும். எண் தானாக ஏறும், இறங்கும்.

அதை அனுப்புவது அவன்தான்.

அந்தத் தளத்தின் சர்வர் அவன் பொறுப்பு. பக்கத்தைத் திறந்திருக்கிற ஒவ்வொரு திரைக்கும் சர்வரிலிருந்து ஒரு தொடர்பு போகும். அது வழியாக எண் விடாமல் போய்க்கொண்டிருக்கும். முதலில் உள்ளதை உள்ளபடிதான் அனுப்பினான். முதலாளி பார்த்தார். ஈயோட்டுகிற கடையை யாராவது விளக்குப் போட்டுக் காட்டுவானா தம்பி என்றார். அன்றிலிருந்து சர்வர் தன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. ஏழுக்குக் குறையாமல்.

அப்போது அவனுக்குக் கூசவில்லை. மிளகாய் வத்தல் கடைக்காரர் மகன். வியாபாரம் படுத்த நாளில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, சரக்கெடுக்க வந்தவர்கள்போல வாசலில் நிறுத்தி வைத்தவர் இதே அப்பாதான்.

அவருக்குத் தெரியாத வித்தையா என்று இருந்துவிட்டான்.

மகன் வேலை பார்க்கிற இடம். அவர் நம்பிவிட்டார்.

சாத்தூர் மாப்பிள்ளை வீட்டார் இன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சரியென்றால் சரி, இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். செல்வக்கனிக்குப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை. சாத்தூர் என்று பேச்செடுத்தால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

“இத்தன பேரு பாக்கையில சாத்தூருக்கு என்னடா அவசரம்? கேட்டா இல்லன்னு சொல்லிருவோம்.”

பாத்திரச் சத்தம் நின்றது.

அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

தங்கையின் பக்கத்துக்கு ஒரே ஒரு தொடர்புதான் போய்க்கொண்டிருந்தது.

எங்கே போகிறது என்று பார்த்தான். இந்த வீட்டு வைஃபை.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் பொய்யை நிறுத்தினான். அப்பா வியாபாரி. கூட்டம் கலைந்தால் இறங்கி வரத் தெரிந்தவர்.

போனில் பதினொன்று போய் ஒன்று வந்தது.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்போதும் ஒன்றுதான்.

“எல்லாரும் போயிட்டாங்கடா.”

குரல் உள்ளே போயிருந்தது.

பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

“ஒருத்தரு மட்டும் நிக்காரு.”

அது நீங்கதாம்ப்பா என்று சொல்லிவிடலாம். சொன்னால் பதினொன்றையும் சொல்ல வேண்டும். நேற்று அவர் தெருவில் நாலு பேரிடம் காட்டிவந்த பதினான்கையும்.



“வேடிக்க பாக்க வந்தவன் போயிருவான்டா. வாங்க வந்தவன் இப்படித்தான் நிப்பான். அசையாம.”

போன் அடித்தது.

திரை முழுக்கச் சாத்தூர். எண் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அப்பா பதறிப்போய் அழைப்பைத் துண்டித்தார். ஒன்று அப்படியே இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

செல்வக்கனி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தார்.

“அப்பா,” என்றான் அவன்.

“சத்தம் போடாதடா.” அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போயிரப் போறாரு.”