மாதம் ஒரு டவுன்லோட்

“இது மூணாவது தடவை மேடம். இந்த லேப்டாப்புக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோப்புகள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்பவர் அந்த அம்மா. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

“எடுத்துட முடியுமாம்மா? நாளைக்குக் கொடுக்கணும். இன்னொரு வாட்டி சாக்கு சொன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

“போன தடவை நான் போட்டுக் கொடுத்த பேக்கப்ல இருந்து பாதி தேறும். வைரஸ் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? அதே டவுன்லோட் சைட்டு.”

அம்மா திரையிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார்.

“அங்கே பெருசா, பச்சையா ஒரு பட்டன் மினுக்குதே, அது விளம்பரம். அமுக்கினா வைரஸ் வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கும். நிஜமான டவுன்லோட் கீழே பொடி எழுத்துல இருக்கும். சொன்னேனா இல்லையா?”

“சொன்னே. கண்ணாடியை எங்கேயோ வச்சிட்டேன்.”

“ஆன்ட்டிவைரஸ் வேணாம் வேணாம்னு கத்தியிருக்கு. அது வாயையும் அடைச்சிருக்கீங்க.” பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. “அப்படி என்ன பெரிய சாஃப்ட்வேர்னு பாத்தா, அரைமணிக்கொரு தடவை ‘எழுந்து நட’ங்குது. இதைவிட நல்லது எவ்வளவோ இருக்கு, நம்பிக்கையான இடத்துல.”

“எனக்கு இதான் பழக்கம்.”

“சரி. ஆனா அதுதான் இதுல ஏற்கெனவே ஒழுங்கா ஓடிட்டு இருக்கே. அப்புறம் எதுக்கு மாசாமாசம் திரும்ப டவுன்லோட் பண்றீங்க?”

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளிருந்து எதையும் எடுக்காமல் மூடினார்.

“சொல்ல மாட்டீங்க. போகட்டும், உங்க வேலை போயிடக் கூடாது. அந்த சைட்டையே பிளாக் பண்ணிடறேன். இனி நீங்களே நினைச்சாலும் உள்ளே போக முடியாது.”

மவுஸைத் தொட்ட அவள் கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்மா. வேலை போனா போகட்டும்.”

“என்ன மேடம் இது?”

“அந்த சாஃப்ட்வேர் என் பையன் காலேஜ்ல படிக்கும்போது செஞ்சு, அங்கே போட்டு வச்சது. யாருமே டவுன்லோட் பண்ணலைன்னா தூக்கிடுவாங்களாம். அவன் தவறினதுக்கப்புறம், அதைக் கேட்டு வர்ற ஒரே ஆள் நான்தான்.”